தண்ணீர் குடிக்காத வாத்து

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். வலது கை இன்னும் என் சொல்பேச்சு கேட்பதில்லை. தினம் ஒரு பக்கமாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி அம்மா. “யாருக்காவது எழுதும்மா, சும்மா அ ஆவன்னா போட்டா ரெண்டு நாள்ல அலுத்துடும்” என்றார். யாருக்கு எழுதுவது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நீங்கள் போனில் கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் “சரி விடுங்கண்ணி” என்று சொல்லிவிடுவேன். இந்த முறை அப்படி விடுவதாக இல்லை.

நேற்று விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அண்ணன் நடத்துவது மாதிரி டைவிங் பள்ளிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்காரர், என் விபத்தை விசாரிக்கிறவர். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “உடம்பு எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“இடது கால் இழுக்குது சார். கை மரத்துக் கிடக்கு. மத்தபடி ராணி மாதிரி இருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க டயட்ல இருந்தீங்களாமே?”

“யார் சொன்னது?”

“உங்க அண்ணிதான். எடை குறைக்கணும்னு காலையிலேருந்து சொட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களாம். உங்க அண்ணனும் ஆமான்னார்.”

“படகுல பொம்பளைங்க ஒதுங்க இடம் இல்லைன்னு நான் சொன்னதைப் பத்தி எதுவும் பேசலையா?” என்று கேட்டேன்.

“அதையும் கேட்டேன்மா. அந்த மாதிரி ஒரு பேச்சே வந்ததில்லைன்னு உங்க அண்ணி அடிச்சுச் சொன்னாங்க.”

போகும்போது இன்னொன்றும் சொன்னார். தன் உடம்பையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவளை நம்பி, நீச்சல் தெரியாத வாடிக்கையாளர்களைக் கடலுக்கு அடியில் அனுப்ப முடியாதாம். என் வழிகாட்டி லைசென்ஸ் திரும்பக் கிடைப்பது கஷ்டமாம்.

டயட்டா அண்ணி? உங்கள் கைச் சமையலை மூன்றாவது தடவை தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிடுகிறவள் நான். அது உங்களுக்குத் தெரியாதா?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். ஏன்?

வாத்து


பிப்ரவரி 17

அன்புள்ள வாத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நீ “அன்புள்ள” என்று போடவில்லை என்பதைக் கவனித்தேன். பரவாயில்லை, எழுதினாயே அதுவே போதும். எழுத்து ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை. உன் அண்ணன் எழுத்தைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கம்ப்ரசர் இரண்டு நாள் மக்கர் பண்ணியது. சிலிண்டர்களை நிரப்ப வெளியே எடுத்துக்கொண்டு அலைந்தோம். சின்னவன் பள்ளிக்கூடத்தில் உன் படத்தை வரைந்திருக்கிறான். முதுகில் காற்றுச் சிலிண்டர், காலில் வாத்துக்கால் மாதிரி நீச்சல் துடுப்பு. “அத்தை எப்ப வருவாங்க?” என்று தினமும் நச்சரிக்கிறான். உன் அண்ணன் சரியாகத் தூங்குவதில்லை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், உனக்குத் தெரியாததா?

அந்த அதிகாரி விஷயத்தை நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. அந்த மனுஷர் கிடுக்கிப்பிடி போட்டுக் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன்னைக் குற்றம் சொல்ல வேண்டும் என்று எனக்கு என்ன வேண்டுதலா? உனக்கு நான் கெடுதல் நினைப்பேனா, நீயே சொல்.

லைசென்ஸ் எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் கால் சரியாகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

“தண்ணீர் நிறையக் குடி.” இதை எழுதும்போது உங்கள் கை நடுங்கவில்லையா? நடுங்குகிற கை எனக்குத்தான் வாய்த்ததா?

வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்கிறீர்கள். மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

டைவிங்குக்கான புது ரப்பர் சூட்டுகள் வந்து இறங்கிய வாரம். அண்ணன் அவற்றைப் பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார். படகு திரும்பியதும் ஒவ்வொரு சூட்டையும் முகர்ந்து பார்க்கும் வழக்கம் அப்போதுதான் ஆரம்பித்தது. தண்ணீருக்கு அடியில் எல்லோருக்கும் ஒன்றுக்கு வரும். குளிரும் நீரின் அழுத்தமும் சேர்ந்து ரத்தத்தை உள்பக்கம் தள்ளுகிறது, உடம்பில் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று சிறுநீரகம் ஏமாந்துபோகிறது என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவரே வகுப்பில் சொன்னார். “வந்தா சூட்லயே போயிடுங்க, மேல வந்து சோப்பு போட்டு அலசுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை” என்றார். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அண்ணன் என் சூட்டை மூக்கருகே கொண்டுபோனார். படகில் ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். “எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நம்ம வாத்து குளத்தை ரொப்பிட்டு வந்திருக்கு!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கரையில் கால் வைக்கும்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்? நாள் முழுக்கப் படகில், மூன்று முறை இறங்க வேண்டும். ஆண்கள் படகின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார்கள். எனக்கு முதுகில் ஜிப், ஒருவர் வந்து இழுத்துவிட்டால்தான் சூட் கழலும். கழற்றிவிட்டு எங்கே போவது? அதனால் தண்ணீரை நிறுத்தினேன். காலையில் எழுந்ததிலிருந்து மாலை வரை ஒரு வாய்கூட இல்லை. அப்படியும் அடியில் போனால் வந்துகொண்டுதான் இருந்தது. குடித்தாலும் வரும், குடிக்காவிட்டாலும் வரும். அதை அடக்கிக்கொண்டு, விரல்நீட்டி மீன் காட்டிக்கொண்டு, “எல்லாம் ஓகே” என்று சைகை செய்துகொண்டிருந்தேன். அடக்குவதற்குப் பதக்கம் கொடுத்தால் எனக்குத்தான் தங்கம்.

இதையெல்லாம் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். சூட் அலசும் தொட்டிப் பக்கம், நீங்கள் அலச, நான் பிழிய. படகின் பின்னால் ஒரு திரையும் ஒரு வாளியும் போதும் என்றேன். நீங்கள் ஈரக்கையால் என் கன்னத்தைத் தட்டி, “இதை என்கிட்ட விடு, நான் பேசிக்கறேன்” என்றீர்கள். எத்தனை வாரம் காத்திருந்தேன்!

விபத்து நடந்த அன்று மூன்றாவது முறை இறங்கும்போதே தலை கிறுகிறுவென்றது. நல்ல குளிர். நான் அழைத்துப்போன வாடிக்கையாளர்கள், ஒரு கணவன் மனைவி, இருவரும் ஆமை பார்த்த சந்தோஷத்தில் மேலே வரவே மனமில்லாமல் இருந்தார்கள். எனக்கோ அடிவயிற்றில் கத்தியைச் செருகியது போலிருந்தது. மேலே வரும் வழியில், ரத்தத்தில் சேர்ந்த காற்று மெல்ல வெளியேறுவதற்காக நிற்க வேண்டிய இடத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலைக் காலால் பின்னிக்கொண்டு, நிற்க வேண்டிய நேரம் முழுக்க நின்றேன். அவசரப்பட்டு மேலே வந்தேன் என்று அண்ணன் யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள். படகு ஏணியைப் பிடித்தபோது கை பிடிக்கவில்லை. என் கைதான், என் கண்முன்னால்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது.

ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டதாம். குமிழியைக் கரைக்க, காற்றழுத்தம் ஏற்றிய அழுத்த அறையில் போட்டு எடுத்தார்கள். “இதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கலாம். ஆனா உன் உடம்புல தண்ணியே இல்லைம்மா, ரத்தம் பாகு மாதிரி இருந்துச்சு” என்றார் டாக்டர்.

நீங்கள் அண்ணனிடம் பேசினீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். கம்ப்ரசர் கதை வேண்டாம்.

வாத்து


மார்ச் 3

அன்புள்ள வாத்துக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

பேசினேன். நீ சொன்ன அன்றே, சாப்பிட உட்கார்ந்தபோது பேசினேன். “படகுல பின்னாடி ஒரு திரை கட்டிடலாங்க, பொண்ணுங்களுக்கு வசதியா இருக்கும்” என்றேன். “ஏன், அப்புறம் கண்ணாடி, சீப்பு, சோபா எல்லாம் போடச் சொல்வியா?” என்று சிரித்தார். மறுபடி ஒரு நாள் சொன்னேன். “என் தங்கச்சிக்குத் தேவைன்னா அவளே கேப்பா. உனக்கென்ன?” என்றார். அவளேதான் கேட்டாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அதை வைத்து உன்னை மறுநாள் படகில் ஏலம் போடுவார் என்று விழுங்கிவிட்டேன். உன்னிடம் சொன்னால் உனக்கு மனசு விட்டுப்போகும் என்று அதையும் விழுங்கினேன்.

அதிகாரி வந்த அன்று காலையில், “பாத்ரூம் விஷயத்தையெல்லாம் வெளில எடுக்காதே. அசிங்கம். நமக்கு மட்டுமில்ல, அவளுக்கும்தான் அசிங்கம். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு” என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உன் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மனுஷர், “பின்ன ஏன்மா அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கலை?” என்று கேட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே. உன் அண்ணன் ஜன்னல் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டயட் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. ஒன்றுக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் டைவிங்கை விட்டது காதுவலியால் என்றுதானே உனக்குத் தெரியும்? என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும்தான் வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு இறங்குவோம். நான் நன்றாகவே டைவ் பண்ணுவேன் வாத்து. உன்னளவுக்கு இல்லை, ஆனால் நன்றாகவே. ஒரு நாள் நான் ஏணியில் ஏறும்போது, படகு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, “என் பொண்டாட்டி இறங்கினா கடல் மட்டம் ரெண்டு அங்குலம் ஏறிடும்!” என்றார். அன்றோடு சரி. மறுநாள் காது வலிக்கிறது என்றேன். யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அலுவலக மேஜையும் சூட் தொட்டியும் என் தலையில் வந்து விடிந்தன.

நீ கேட்டால் சிரிப்பாய். இத்தனை வருஷமாக உன் அண்ணன் சூட்டை அலசுகிறவள் நான்தான். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். ஏன் என்று நினைக்கிறாய்? மற்றவர்கள் சூட்டையெல்லாம் மோந்து பார்க்கிற மனுஷருடைய சூட்டுக்குத்தான் எப்போதும் இரண்டு மடங்கு சோப்பு போடுகிறேன்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

சிரித்தேன். சோப்பு விஷயத்தைப் படித்துவிட்டு நர்ஸ் ஓடி வரும் அளவுக்குச் சிரித்தேன். “என்னாச்சும்மா, வலியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. நர்ஸ் பாவம், குழம்பிப் போனார்.

நீங்கள் இதையெல்லாம் சொன்னால் எனக்கு மனசு இளகும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இளகவில்லை. முதலில் நான் நினைத்தது என்ன தெரியுமா? அண்ணிக்கு இந்தக் கஷ்டம் தெரியாது, கரையிலேயே இருக்கிறவர், அதனால்தான் அவ்வளவு சுலபமாகக் கைகழுவிவிட்டார் என்று. அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்படி முட்டும், எப்படிச் சிரிப்பார்கள், ஏணியில் ஏறும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எல்லாமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் கன்னத்தைத் தட்டினீர்கள். தெரிந்துகொண்டே டயட் என்றீர்கள்.

அண்ணன் சிரித்தார் என்றால், அது அவர் குணம், சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவரிடம் நான் எதையும் நம்பிக் கொடுக்கவில்லை. உங்களிடம்தான் கொடுத்தேன்.

என் மானத்தைக் காப்பாற்றினீர்களாம். ஒன்றுக்கு வந்தது என்று சொன்னால் போகிற மானம், சோற்றைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட முட்டாள் என்று சொன்னால் போகாதா? மனுஷ உடம்பு செய்வதைச் சொல்வது அசிங்கமாகப் பட்டது உங்களுக்கு. நான் நோயாளியாகப் படுத்திருக்கும்போது என்மேல் பொய் சொல்வது அசிங்கமாகப் படவில்லை.

நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை நடந்தேன். நடந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பழக்கம். பிறகு வைத்துவிட்டேன்.

வாத்து


மார்ச் 15

அன்புள்ள வாத்துக்கு,

நீ நடந்ததைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவளிடம் சொன்னேன், அவள் தாவிக் குதித்தாள்.

உன் இடத்துக்கு ஒரு பெண்ணை உன் அண்ணன் வேலைக்கு எடுத்திருக்கிறார். தற்காலிகமாகத்தான். நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன். சின்னப் பெண், துருதுருவென்று இருக்கிறாள். முதல் நாள் படகு கிளம்பும் முன்னால் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அன்று மத்தியானமே கடைக்குப் போய் நீலக் கித்தான் துணி வாங்கினேன். படகுக்காரர் இரண்டு கம்பி நட்டுக் கொடுத்தார். நானே வளையம் தைத்துக் கோத்து, பின்பக்கம் திரை கட்டிவிட்டேன். உள்ளே ஒரு வாளி, மூடி, சோப்பு. முதுகு ஜிப்பை இழுக்க ஒரு நீளக் கயிறும் எல்லாச் சூட்டிலும் கட்டிவிட்டேன். ஒருத்தர் உதவியும் இல்லாமல் கழற்றலாம். உன் அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். நான் மல்லுக்கு நிற்கத் தயாராக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரையை ஒரு தடவை இழுத்து மூடிப் பார்த்தார். போய்விட்டார்.

இதை உனக்காகத்தான் செய்தேன் வாத்து. தாமதம்தான். ஆனால் செய்தேன்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

படகுக்காரர் என்னைப் பார்க்க வந்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார், பாவம். நீங்கள் எழுதாமல் விட்டதை அவர் சொன்னார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, வெள்ளை மனசு.

அண்ணன் இப்போது படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்தத் திரையைக் காட்டுகிறாராமே? “நம்ம பள்ளில பெண்களோட பாதுகாப்புதான் முக்கியம். இது என்னோட யோசனை. வேற எந்தப் படகுலயும் பார்க்க முடியாது” என்கிறாராம். அந்தப் புதுப் பெண், “முன்னாடி இருந்த அக்காவுக்கு இது இல்லையா?” என்று கேட்டிருக்கிறாள். “அவ வாயைத் திறந்து கேட்டாத்தானே செய்ய முடியும்? அழுத்தக்காரி” என்றாராம். நீங்கள் பக்கத்தில் நின்று பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்களாம். “அண்ணியும் ஒண்ணும் சொல்லலைம்மா” என்றார் படகுக்காரர். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு மத்தியானம். இரண்டு கம்பி, ஒரு துணி, நாலு வளையம். அவ்வளவுதானா? இதற்காகத்தானா நான் அத்தனை வாரம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்? உங்களால் முடியாது என்று நினைத்திருந்தேன். முடிந்திருக்கிறது. அவர் சண்டைகூடப் போடவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். இரவெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரே நாளில் கலங்கிய உங்கள் அடிவயிறு, ஒரே தட்டில் சாப்பிட்ட என் முகத்தைப் பார்த்துக் கலங்கவில்லை.

எனக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்காகச் செய்தீர்கள். நல்ல காரியம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த அதிகாரி சொன்னபடி, இந்த மாதக் கடைசியில் கோப்பை மூடிவிடுவார்கள். என் பெயருக்கு எதிரே நீங்கள் சொன்ன பொய் நிற்கும். அது நிற்கும்வரை எனக்கு எழுதாதீர்கள்.


ஏப்ரல் 2

அன்புள்ள வாத்துக்கு,

உனக்கு எழுத எனக்கு இப்போது உரிமை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒளிந்து போகப் பிடிக்கவில்லை. அவர் வாசலில் வந்து நின்றார். “போனா பள்ளியை மூடிடுவாங்க, தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். “பத்துப் பேர் முன்னாடி போய் ஒண்ணுக்கு ரெண்டுக்குன்னு பேசப் போறியா? வெக்கமா இல்ல?” என்றார். “நீங்க பேசினப்ப உங்களுக்கு இருந்துச்சா?” என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அதிகாரியின் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருமே ஆண்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்னிடம் கேட்டது, நான் உன் அண்ணனிடம் இரண்டு முறை சொன்னது, அவர் என்ன சொன்னார், படகில் உன்னை என்ன சொல்லிச் சிரித்தார், என்னை என்ன சொல்லிச் சிரித்தார் எல்லாமே. சோப்பு விஷயத்தைச் சொன்னபோது ஒருவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். “அப்ப அன்னிக்கு ஏன்மா பொய் சொன்னீங்க?” என்று அதிகாரி கேட்டார். “உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்ல வெக்கமா இல்லை. இப்பத்தான் சார் மாத்திப் புரியுது” என்றேன். அது உன் கடிதத்திலிருந்து எடுத்ததுதான்.

பள்ளியை மூன்று மாதம் மூடச் சொல்லிவிட்டார்கள். உன் பெயரில் இருந்த பழியை நீக்கிவிடுவார்கள். உடம்பு தேறியதும் லைசென்ஸுக்கு நீ மறுபடி விண்ணப்பிக்கலாம். உன் அண்ணன் ஒரு பையை எடுத்துக்கொண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். வருவாரோ, மாட்டாரோ, எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். பார், மறுபடியும் ஒரு பொய். நாளைக்கு அவர்களிடமும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் அறையைப் பெருக்கித் துடைத்து, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். அறை கீழேயே இருப்பதால் நீ படி ஏற வேண்டியதில்லை. வந்துவிடு வாத்து. எனக்கும் உன்னைவிட்டால் பேச யார் இருக்கிறார்கள்?

உன்,
அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அதிகாரி இங்கேயும் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, “உங்க அண்ணி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்கம்மா. எனக்கே சங்கடமாப் போச்சு” என்றார். தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டார். அவர் போன பிறகு, இப்போது சந்தோஷம் வரும், இதோ வரும் என்று படுத்துக்கொண்டு காத்திருந்தேன். நிம்மதி வந்தது. சந்தோஷம் வரவில்லை.

நீங்கள் செய்தது சின்ன விஷயம் இல்லை. மூன்று ஆண்கள் முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வாசலில் நீங்கள் கேட்ட கேள்வியை நான் பலமுறை படித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். “உங்க அண்ணி லேசுப்பட்ட ஆள் இல்லை” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

ஆனால் அண்ணி, அழுத்த அறையில் கிடந்தபோது, காது அடைத்து, கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தபோது, என் மனசுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணிக்குத் தெரியும், அண்ணி சொல்லிவிடுவார், டாக்டருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். அதே நாட்களில் நீங்கள் அங்கே டயட் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் இப்போது திருத்தியது அதிகாரி எழுதிவைத்ததை. நான் பிடித்துக்கொண்டு கிடந்ததை யாராலும் திருத்த முடியாது. நானே முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை என்னை வெளியே அனுப்புகிறார்கள். கைத்தடியோடு நடக்கலாம். கால் முழுதாகத் திரும்புமா என்று ஆறு மாதம் போனால்தான் சொல்ல முடியுமாம். அழைத்துப் போக யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டார்கள். உங்கள் பெயர்தான் வாயில் வந்தது. சொல்லவில்லை. பிசியோதெரபி அம்மாவின் தங்கை வீட்டு மாடியில்லாத பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். அங்கே போகிறேன். பக்கத்திலேயே நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. மே மாதம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். கரையில் நின்றுகொண்டே கத்தினால் போதுமாம். கத்துவதற்குக் கால் தேவையில்லையே.

கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டதற்கு நன்றி. பெரியவளை அதில் படுக்கச் சொல்லுங்கள், அவளுக்குக் காற்று பிடிக்கும். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் புது முகவரியை இதில் எழுதவில்லை. எழுதலாம் என்று எனக்கே தோன்றுகிற நாள் வந்தால் எழுதுகிறேன். வராவிட்டால், நான் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்து